மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு எமது வகுப்பறைகளில் இடமுண்டா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் பிள்ளைகளின் முகங்கள் பதித்த பதாகைகள் தொங்கத் தொடங்குகின்றன. பெயர், புள்ளி, கற்பித்த நிலையம் என்பன பெரிய எழுத்துக்களில் பொறிக்கப்படுகின்றன. பெற்றோர் பூரிக்கின்றனர், பாடசாலை பெருமை கொள்கின்றது, எமது பத்திரிகைகளும் படத்துடன் செய்தி வெளியிடுகின்றன. இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால், அந்தப் பிள்ளை அடுத்த ஜனவரியில் தரம் 6 வகுப்பறைக்குள் நுழைந்த பின்னர் என்ன நடக்கின்றது என்று நாம் கேட்பதில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், தான் ஏற்கெனவே அறிந்திருக்கும் பாடத்தை மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டு அது அமர்ந்திருக்குமானால், நாம் கொண்டாடிய அந்தத் திறமைக்கு என்ன பயன் கிடைத்தது?

மெல்லக் கற்கும் மாணவர் பற்றி எமது கல்வியுலகம் ஓரளவேனும் பேசுகின்றது. அவர்களுக்கெனப் பரிகாரக் கற்பித்தல் என்ற சொல்லாவது புழக்கத்தில் இருக்கின்றது. விரைந்து கற்கும் மாணவர் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. "கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன குறை? அது எப்படியாவது முன்னேறிவிடும்" என்பதே எமது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யார் இந்தப் பிள்ளைகள்?

மீத்திறன் என்பது அதிக புள்ளி பெறுவது மாத்திரமன்று. வகுப்பில் முதலாம் இடம் பெறும் பிள்ளை பெரும்பாலும் ஒழுங்கும் உழைப்பும் நல்ல ஞாபகசக்தியும் கொண்ட பிள்ளையாகும். அது பாராட்டுக்குரியது. எனினும் மீத்திறன் கொண்ட பிள்ளை சில வேளைகளில் முதலாம் இடத்தில் இருப்பதில்லை. ஆசிரியர் கேட்ட வினாவுக்கு விடையளிப்பதைவிட, அந்த வினாவையே மறுத்துக் கேள்வி கேட்பதில் அதற்கு நாட்டம் அதிகம். ஒரே வகைக் கணக்கைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் இரண்டாவது கணக்குடன் அதன் மனம் வேறெங்கோ போய்விடும். கொப்பி ஒழுங்கில்லாதிருக்கும். "இவன் குழப்படி", "இவளுக்குக் கவனம் போதாது" என்ற முறைப்பாடு வீட்டுக்கு வரும். எழுத்துக்களை வாசிப்பதில் இடர்ப்படும் பிள்ளைகள் சிலரிடமும் வியக்கத்தக்க தர்க்க ஆற்றல் ஒளிந்திருப்பதுண்டு. அத்தகைய பிள்ளையின் குறையே எல்லோர் கண்ணிலும் படுகின்றது. அதன் நிறை யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு பரீட்சையைக் கொண்டு இவர்களையெல்லாம் இனங்கண்டுவிடலாம் என்று கருதுவதும் தவறாகும். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டேர்மன் 1921ஆம் ஆண்டு ஆரம்பித்த ஆய்வு இதற்குத் தக்க சான்று. கலிபோர்னிய மாநிலத்தின் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனைக்கு உட்படுத்தி, ஏறத்தாழ 1,500 பேரைத் தெரிவுசெய்து, அவர்களது வாழ்க்கையை அவரும் அவரைத் தொடர்ந்தோரும் பல தசாப்தங்கள் அவதானித்தனர். தெரிவானோரில் பலர் சிறந்த தொழில்களில் அமர்ந்தனர். ஆனால், அதே சோதனையில் போதிய புள்ளி பெறாது விடுபட்ட இருவர், வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், பின்னாளில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தெரிவான 1,500 பேரில் எவரும் அப்பரிசைப் பெறவில்லை. வலையின் கண் எவ்வளவு சிறியதாயினும் அதில் சிக்காத மீன்கள் உண்டு என்பதையே இது உணர்த்துகின்றது.

புலமைப்பரிசில் பரீட்சை எதற்காகத் தோன்றியது?

எமது நாட்டில் திறமையுள்ள பிள்ளைகளுக்கு வழிசமைக்கும் முயற்சி புதியதன்று. அரசாங்க சபையின் முதலாவது கல்வி அமைச்சராகவிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே காலப்பகுதியில் கிராமப் புறங்களில் மத்திய கல்லூரிகள் நிறுவப்பட்டன. வறிய கிராமப் பிள்ளைகளுள் திறமையுள்ளோரைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியுடன் அக்கல்லூரிகளில் கற்பிப்பதற்காகவே 1940களில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் ஏற்படுத்தப்பட்டது. அதாவது, திறமையைக் கண்டறிவதும் அந்தத் திறமைக்கேற்ற கல்வியை வழங்குவதும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக இருந்தன.

இன்று முதற்பகுதி மாத்திரமே எஞ்சியுள்ளது. அண்மைய ஆண்டுகளில் 3 இலட்சம் அளவிலான பிள்ளைகள் ஆண்டுதோறும் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். சித்தியடையும் வறிய பிள்ளைக்கு உதவிப் பணமும், உயர்ந்த புள்ளி பெறும் பிள்ளைக்குப் பிரபல பாடசாலையில் அனுமதியும் கிடைக்கின்றன. ஆனால், அப்பாடசாலையில் அப்பிள்ளை கற்கப்போவது ஏனைய பாடசாலைகளில் கற்பிக்கப்படும் அதே பாடநூலைத்தான், அதே வேகத்தில்தான். கட்டடம் மாறுகின்றது, சீருடையின் கழுத்துப்பட்டி மாறுகின்றது. அறிவுக்கான சவால் மாறுவதில்லை.

இப்பரீட்சை எதனை அளக்கின்றது என்பதையும் நோக்குவோம். அதன் முதலாவது வினாத்தாளில் 40 வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலம். ஆகவே ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். இதற்கு மாறாக, சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியில் நாளொன்றுக்கு நான்கரை மணித்தியாலத்தில் மூன்று வினாக்கள்; ஒரு வினாவுக்கு ஒன்றரை மணித்தியாலம். இலங்கையும் 1995 முதல் அப்போட்டியில் பங்குபற்றி வருகின்றது. முதலாவது பரீட்சை வேகத்தையும் பழக்கத்தையும் அளக்கின்றது. இரண்டாவது, தெரியாத ஒன்றின் முன்னால் பொறுமையோடு அமர்ந்திருக்கும் ஆற்றலை அளக்கின்றது. எமது பிள்ளைகளை இரண்டு, மூன்று வருடங்கள் ஒன்றரை நிமிடத்துக்கே பழக்குகின்றோம். ஒன்றரை மணித்தியாலம் ஒரே சிக்கலைப் பற்றிச் சிந்திக்கத்தக்க பிள்ளை இந்த ஓட்டத்தில் பின்தங்கிவிடவும் கூடும்.

வயது என்னும் பூட்டு

ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் தரம் 1; அதன் பின்னர் ஆண்டுக்கொரு தரம். இதுவே அரசாங்கப் பாடசாலைகளின் ஒழுங்கு. பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு இது பொருத்தமானதே. எனினும் எமது மூத்த தலைமுறையினரைக் கேட்டால், தமது காலத்தில் "டபிள் புரமோஷன்" என்று ஒன்று இருந்ததை நினைவுகூருவார்கள். தலைமை ஆசிரியர் பிள்ளையின் திறமையைக் கண்டு ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றிவிடுவார். இன்று அந்த வழக்கம் எமது பாடசாலைகளில் அற்றுப்போய்விட்டது என்றே கூறலாம்.

வகுப்பைத் தாண்டும் பிள்ளை மனத்தளவில் பாதிக்கப்படும், வயதில் மூத்தோருடன் ஒட்டாது என்ற அச்சம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு. இவ்வச்சம் பற்றி அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2004ஆம் ஆண்டு ஐயோவா பல்கலைக்கழகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. தகுந்த முறையில் தெரிவுசெய்யப்பட்டு முன்னேற்றப்பட்ட பிள்ளைகள் கல்வியில் நன்மை பெற்றனர் என்பதும், பொதுவாக அவர்களது மனநலத்துக்கோ நட்புறவுக்கோ ஊறு விளையவில்லை என்பதும் அதன் சாராம்சம். அவுஸ்திரேலியாவில் மிராக்கா குரோஸ் என்ற ஆய்வாளர் மிக உயர்ந்த நுண்ணறிவு கொண்ட 60 பிள்ளைகளை நீண்டகாலம் தொடர்ந்து அவதானித்தார். தமது வயதொத்தோருடன் மாத்திரம் கட்டாயமாக வைத்திருக்கப்பட்டவர்களே தனிமையையும் சலிப்பையும் அதிகம் அனுபவித்தனர் என்று அவர் கண்டார்.

இதனைக் கூறுவதால் எல்லாக் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் வகுப்பேற்ற வேண்டும் என்பது எமது கருத்தன்று. முழு வகுப்பைத் தாண்டுவது ஒரு வழி மாத்திரமே. கணிதத்தில் மாத்திரம் மேல் வகுப்புக்குச் சென்று கற்று, ஏனைய நேரத்தில் தன் வகுப்பிலேயே இருப்பது இன்னொரு வழி. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கணித மேதையான ஜோன் வொன் நொய்மன் மாணவனாக இருந்தபோது, அவரது ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ் அச்சிறுவனின் ஆற்றலை உணர்ந்து, பல்கலைக்கழக கணித அறிஞர்களிடம் தனியாகக் கற்பதற்கு ஏற்பாடு செய்தார். சிறுவனோ தன் வயதொத்த மாணவருடன் அதே பாடசாலையிலேயே தொடர்ந்து கற்றான். தானே எல்லாவற்றையும் கற்பிக்க முடியாது என்பதை ஓர் ஆசிரியர் ஒப்புக்கொள்வது குறையன்று. அதுவே அவரது பெருந்தன்மை.

இராமானுஜன் கற்றுத்தரும் பாடம்

"திறமை உள்ளவன் எப்படியும் மேலே வருவான்" என்போர் சீனிவாச இராமானுஜனை உதாரணம் காட்டுவர். அவரது வரலாறு உண்மையில் அதற்கு நேர்மாறான பாடத்தையே தருகின்றது. கும்பகோணத்தில் பாடசாலைக் கல்வியைச் சிறப்பாக முடித்து 1904இல் புலமைப்பரிசிலுடன் கல்லூரி புகுந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால் அப்புலமைப்பரிசிலை இழந்தார். பின்னர் சென்னையில் கற்றபோதும் பரீட்சையில் சித்தியடையவில்லை. அவருக்கு ஏற்ற வினாவைக் கேட்கத்தக்க ஒருவர் கிடைக்கும்வரை ஆண்டுகள் வீணாயின. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், அதற்கு முன்னரே சென்னையில் அவருக்கு ஆதரவளித்த சிலரது நல்லெண்ணமும் இல்லாதிருந்தால், உலகம் அவரை அறிந்திராது. 1918இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவான அவர், 1920இல் தமது 32ஆவது வயதில் மறைந்தார்.

மேலே வந்த இராமானுஜன் ஒருவர். வராமற் போனவர்களின் எண்ணிக்கையை எவரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்கவும் முடியாது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரிடம், "இந்த ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கற்பியுங்கள்" என்று கேட்பது நியாயமாகாது. ஆயினும் அதிக செலவும் அதிக நேரமும் வேண்டாத வழிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானது பாடச் சுருக்க முறையாகும். ஓர் அலகை ஆரம்பிக்கும் முன்னரே, அந்த அலகின் இறுதியில் கொடுக்கவிருக்கும் சோதனையை விரும்பும் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கின்றோம். அதில் நன்கு தேறும் பிள்ளை, ஏனையோர் பயிற்சிக் கணக்குகளைச் செய்யும் வேளையில், அதே விடயத்தின் ஆழமான சிக்கலொன்றில் ஈடுபடலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் ஆரம்பத்தில் இம்முறையைப் பரிசோதித்தபோது, மீத்திறன் மாணவருக்குரிய பாடத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 வீதத்தை நீக்கியும் அவர்களது பெறுபேறு குறையவில்லை என்று கண்டனர். எமது பிள்ளைகளின் பாடசாலை நேரத்தில் எவ்வளவு வீணாகக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆழமான சிக்கல் என்பது மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே திணிப்பதன்று. பின்னங்களை எடுத்துக்கொள்வோம். வகுப்பு முழுவதும் பின்னக் கூட்டலைப் பயிலும்போது, அதனை ஏற்கெனவே அறிந்த பிள்ளையிடம் இப்படிக் கேட்கலாம்: மூன்றில் இரண்டு என்பது இரண்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தது. நான்கில் மூன்று என்பது இரண்டில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தது. இவ்வாறு, ஒன்றிலும் சிறிய எந்தப் பின்னத்தையும், மேலே ஒன்றைக் கொண்ட வெவ்வேறு பின்னங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? முடியுமென்றால் எப்போதும் முடியும் என்பதற்குக் காரணம் என்ன? பண்டைய எகிப்தியர் பயன்படுத்திய முறை இது. ஒரு பிள்ளையை ஒரு வாரம் முழுவதும் சிந்திக்க வைக்க இந்த ஒரு வினாவே போதும். ஆசிரியர் எழுத வேண்டியது கரும்பலகையின் மூலையில் ஒரு வரி மாத்திரமே.

இத்தகைய வினாக்கள் எமது சொந்தப் பண்பாடுகளிலும் நிறைந்து கிடக்கின்றன. பழந்தமிழ்க் கணக்கில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். இந்தப் பின்னங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத முடியுமா? முடியாதெனில் ஏன்? இன்னொரு புறம், இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டுச் சென்றால், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது மகனுக்கு. அந்த எச்சம் இருபத்து நான்கில் பதினேழு என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் அட்சரகணிதத்துக்குப் பெயரளித்த நூலை இயற்றிய அல்குவாரிஸ்மி, அந்நூலின் பெரும்பகுதியொன்றை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். தம் வீட்டில் பேசப்படும் விடயம் உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்றிருப்பதை அறியும் பிள்ளைக்குக் கற்றலில் ஏற்படும் உற்சாகத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

கொழும்பின் இரு முகங்கள்

கொழும்பு வாழ் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் வசதியானவர்கள் என்ற எண்ணம் வெளியிடங்களில் நிலவுகின்றது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் பிள்ளைக்குப் பணம் செலவிட ஆளுண்டு, ஆனால் நேரமில்லை. பாடசாலை வான் வீடு திரும்பிய கையோடு மேலதிக வகுப்பு. அது முடிந்தால் இன்னொன்று. சலிப்படைந்த பிள்ளைக்குப் பெற்றோர் தேடிக்கொடுக்கும் மருந்தும் ரியூசனே. பகலில் அறிந்ததைப் பாடசாலையில் கேட்கும் பிள்ளை, மாலையில் அதனையே மூன்றாம் முறையாகக் கேட்கின்றது. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் ஒற்றை அறையில் குடும்பமாக வாழும் பிள்ளைக்கு நேரமிருக்கக்கூடும், ஆனால் அமைதியாக அமர்ந்து வாசிக்க இடமில்லை, கையிலெடுக்கப் புத்தகமில்லை. இவ்விரு பிள்ளைகளுக்கும் வேண்டியது ஒன்றே: சிந்திப்பதற்கு ஓர் இடமும், சிந்திக்கத்தக்க ஒரு வினாவும்.

மொழிமூலம் இன்னொரு தடை. சவால்மிக்க கணித, விஞ்ஞான நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்மொழி மூலம் கற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அவை எட்டாக்கனி. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்களது திறமையை "பொறுப்பான பிள்ளை" என்ற பாராட்டுடன் நிறுத்திவிடும் வழக்கம் எமது இரு சமூகங்களிலும் உண்டு. போட்டிக்கோ முகாமுக்கோ அனுப்பத் தயங்குவதும் உண்டு.

முஸ்லிம் சமூகத்தில் இன்னொரு விடயத்தையும் நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். அல்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ்களாகும் சிறுவர்கள் எமது நகரில் ஆண்டுதோறும் உருவாகின்றனர். ஆறாயிரத்துக்கும் அதிகமான வசனங்களை உச்சரிப்புப் பிழையின்றி நினைவில் நிறுத்துவது சாதாரண ஆற்றலன்று. ஆயினும் பாடசாலையோ அந்தப் பிள்ளையை "இடையில் வந்து சேர்ந்தவன்", "பாடங்களில் பின்தங்கியவன்" என்றே நோக்குவதுண்டு. அவ்வாறே, தேவாரப் பண்களையும் கர்நாடக இசையின் தாளக் கணக்குகளையும் இலகுவாகக் கையாளும் பிள்ளையின் ஆற்றலும் கணித ஆசிரியரின் கண்ணுக்குப் படுவதில்லை. பாடசாலைக்கு வெளியே வெளிப்படும் திறமையை பாடசாலைக்குள் அறியத் தருவதற்கு ஒரு வழி வேண்டும்.

சமூகத்தின் கடமை

அரசாங்கம் எல்லாவற்றையும் செய்யட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் எமது முன்னோரிடம் இருக்கவில்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, அங்குள்ள இந்துப் பாடசாலைகளில் கற்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிமாக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ், 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தோற்றுவித்தார். திறமையிருந்தும் வசதியற்ற மாணவர் பலரது உயர்கல்விக்கு அது கைகொடுத்தது. பின்னர் 1948 முதல் 1961 வரை மருதானை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் அவர் பணியாற்றினார். இந்துப் பாடசாலைகளில் தாம் பெற்ற கல்வியைத் தம் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்த அவரது வாழ்வு, இரு சமூகங்களும் இவ்விடயத்தில் கைகோக்க வேண்டும் என்பதற்கு முன்னுதாரணமாகும்.

இன்று எமக்குத் தேவையானது பெருநிதியன்று. 1942இல் ஆரம்பிக்கப்பட்டு வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நூலகமுண்டு. எமது கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மண்டபங்கள் உள்ளன. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புகளும் அஹதிய்யா வகுப்புகளும் நடைபெறுகின்றன. பல்கலைக்கழக மாணவரும் ஓய்வுபெற்ற கணித, விஞ்ஞான ஆசிரியர்களும் எம்மிடையே ஏராளம். வாரத்தில் ஒருநாள், இரண்டு மணித்தியாலம், பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு கரும்பலகை, பரீட்சையுடன் தொடர்பில்லாத இரண்டு வினாக்கள். இதுவே போதும். கட்டணம் இருக்கக்கூடாது; புள்ளியும் இருக்கக்கூடாது; பதாகையும் இருக்கக்கூடாது. வெள்ளவத்தைப் பிள்ளையும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர வேண்டும். தன்னைப் போன்று சிந்திக்கும் இன்னொருவர் இருக்கின்றார் என்பதை அறிவதே மீத்திறன் கொண்ட பிள்ளைக்குக் கிடைக்கும் முதலாவது ஆறுதலாகும்.

பத்திரிகைகளாகிய எமக்கும் இதில் பொறுப்புண்டு. 1894இல் ஹங்கேரியில் ஒரு பாடசாலை ஆசிரியர் மாணவருக்கான கணித சஞ்சிகை ஒன்றை ஆரம்பித்தார். மாதந்தோறும் கடினமான வினாக்கள் வெளிவரும். மாணவர் விடைகளைத் தபாலில் அனுப்புவர். சிறந்த விடையும் எழுதியவரின் பெயரும் அடுத்த இதழில் பிரசுரமாகும். மேலே குறிப்பிட்ட ராட்ஸ் ஆசிரியரும் பின்னர் பல ஆண்டுகள் அச்சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். ஒரு சிறிய நாடு உலகுக்கு இத்தனை கணித அறிஞர்களை வழங்கியதற்கு அச்சஞ்சிகையும் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. காகிதமும் தபால் முத்திரையுமே அதன் முதலீடு. எமது தமிழ்ப் பத்திரிகைகளின் மாணவர் பக்கங்கள் மாதிரி வினாத்தாள்களால் நிரம்பி வழிகின்றன. அவற்றுடன் வாரத்துக்கு ஒரேயொரு நல்ல வினாவை, ஒன்றரை நிமிடத்தில் முடியாத வினாவை, நாம் ஏன் பிரசுரிக்கக் கூடாது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை பாடசாலையில் சலிப்படைகின்றது என்று உணரும் பெற்றோர் முதலில் ஆசிரியருடன் பேச வேண்டும். "என் பிள்ளை மிகவும் கெட்டிக்காரன், நீங்கள் கற்பிப்பது அவனுக்குப் போதாது" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிள்ளை தானாகச் செய்த ஒரு வேலையை, அது ஒரு கணக்காகவோ கதையாகவோ பொறியாகவோ இருக்கலாம், எடுத்துச் சென்று காட்டி, "இதற்கு அடுத்ததாக எதைக் கொடுக்கலாம்?" என்று ஆலோசனை கேட்பதே பயன் தரும்.

பாராட்டுவதிலும் நிதானம் வேண்டும். 1998இல் அமெரிக்க உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வொன்றில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களைத் தவிர்க்க முற்பட்டனர். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டோர் கடினமானவற்றையே விரும்பினர். எளிதில் வெல்லும் பிள்ளை தோற்பதற்குப் பழகாமல் வளர்வதே மிகப் பெரிய ஆபத்து. பாடசாலையில் ஒருபோதும் இடறாத பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதன்முறை இடறும்போது எழத் தெரியாமல் தவிக்கின்றது. ஆகவே ஏற்ற சவாலைத் தேடிக்கொடுப்பது பிள்ளையை வெல்ல வைப்பதற்காக மாத்திரமன்று. பாதுகாப்பான வயதில் தோற்றுப் பழக வைப்பதற்காகவும்தான்.

அதேவேளை, பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கி விடக்கூடாது. பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர் இசை, விளையாட்டு, கணிதம் முதலிய துறைகளில் சிகரம் தொட்ட 120 பேரை ஆராய்ந்து 1985இல் நூலொன்றை வெளியிட்டார். அவர்களுள் பலரது முதல் ஆசிரியர் பெரிய நிபுணராக இருக்கவில்லை. அன்பும் உற்சாகமும் நிறைந்தவராக, கற்பதை விளையாட்டாக்கியவராக இருந்தார் என்பது அதன் முக்கிய கண்டறிதல்களுள் ஒன்று. பிள்ளையைக் கொழும்புப் பொது நூலகத்துக்கோ கோள்மண்டலத்துக்கோ ஒருநாள் அழைத்துச் சென்று, அதன் கேள்விகளுக்கு "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லும் தாயோ தந்தையோ எந்த மேலதிக வகுப்பும் தராத ஒன்றைத் தருகின்றார்.

இது ஒரு சிலருக்கான சலுகையா?

ஏழைப் பிள்ளை எழுத்தறிவே இன்றி வாடும்போது கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனிக் கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1984 முதல் மீத்திறன் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துத் தனி நிலையங்களில் கற்பித்து வந்த சிங்கப்பூர், அத்திட்டத்தை அதே வடிவில் தொடரப்போவதில்லை என்று 2024இல் அறிவித்தது. ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையிலும் மேலதிக சவால் வேண்டிய பிள்ளைகளை இனங்கண்டு, அங்கேயே வாய்ப்பளிப்பதே அதன் புதிய நோக்கம். பிரித்து வைப்பதன் தீமையை அந்நாடு உணர்ந்தது. ஆனால் சவாலைக் கைவிடவில்லை. நாமோ இரண்டையும் தலைகீழாகச் செய்கின்றோம். பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரிக்கின்றோம். பிரித்த பின்னர் சவால் எதனையும் கொடுப்பதில்லை.

வசதியுள்ள மீத்திறன் பிள்ளைக்குச் சர்வதேசப் பாடசாலையோ வெளிநாடோ கதவு திறக்கும். வசதியற்ற மீத்திறன் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலை வகுப்பறையைத் தவிர வேறு கதவில்லை. ஆகவே அந்த வகுப்பறையில் சவாலை ஏற்படுத்துமாறு கேட்பது பணக்காரருக்கான சலுகையன்று. ஏழைப் பிள்ளையின் உரிமை. கன்னங்கராவின் கனவும் அதுவேயாகும்.

2025இல் அரசாங்கம் அறிவித்த கல்விச் சீர்திருத்தத் திட்டம் பாடங்களைச் சிறு தொகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை முன்வைத்தது. ஒரு தொகுதியில் ஏற்கெனவே தேர்ச்சியுள்ள பிள்ளை அடுத்த தொகுதிக்கோ ஆழமான செயற்றிட்டத்துக்கோ செல்ல அனுமதிக்கப்படுமாயின், வயதென்னும் பூட்டு ஓரளவு தளரும். அனுமதிக்கப்படாவிடின், பெயர் மாத்திரமே புதிதாக இருக்கும். தமிழ்மொழி மூலமான வளநூல்கள் சிங்கள மொழி மூலத்துக்குச் சமமாகவும் அதே காலத்திலும் கிடைக்கின்றனவா, ஆசிரியர் பயிற்சியில் மீத்திறன் பிள்ளைகளை இனங்காணல் ஒரு விடயமாகச் சேர்க்கப்படுகின்றதா என்பவற்றை எமது கல்விமான்களும் மக்கள் பிரதிநிதிகளும் இப்போதே கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டும் பெறுபேறுகள் வெளியாகும், பதாகைகள் தொங்கும், மழையும் வெயிலும் பட்டு அம்முகங்கள் சில வாரங்களில் மங்கிப்போகும். பதாகை மங்குவதில் கவலையில்லை. அதிலுள்ள பிள்ளையின் கண்களில் தெரியும் ஆர்வம் தரம் 6 முடிவதற்குள் மங்கிவிடாதிருக்க வேண்டும். அதற்கான பொறுப்பு அப்பிள்ளையிடம் இல்லை, எம்மிடமே இருக்கின்றது.